420 கிலோமீட்டரும் 4,000 கிலோமீட்டரும்

டெல்லி விமான நிலையத்திலிருந்து லாகூர் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஆனால் 2019இல் நேரடி விமானச் சேவை நின்ற பிறகு, வான்வழியில் லாகூர் போக விரும்புபவர் பெரும்பாலும் வளைகுடாவைச் சுற்றியே போக வேண்டியுள்ளது. டெல்லியிலிருந்து துபாய் சுமார் 2,200 கிலோமீட்டர். அங்கிருந்து லாகூர் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். பக்கத்து ஊருக்குப் போகப் பத்து மடங்கு தூரம்! பறக்கும் நேரமே ஆறேழு மணி. துபாயில் காத்திருப்பது தனி.

2019 ஆகஸ்டில் சம்ஜோதா, தார் ரயில்களும் நின்றன. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 அப்பாவிகள் கொல்லப்பட்டனர். எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத கொடூரம் அது. மறுநாள் அட்டாரி எல்லைச் சாவடியை மூடுவதாக இந்தியா அறிவித்தது. 24ஆம் தேதி இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. 30ஆம் தேதி இந்தியாவும் அதையே செய்தது. பிறகு மாதந்தோறும் தடை நீட்டிக்கப்பட்டு வந்தது.

சட்டப்படி இதைக் கேள்வி கேட்பது கடினம். தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் இதனால் யாருக்கு லாபம்?

2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை 16 வரை நீடித்த தடையில், ஜூலை 2 வரை மட்டும் ஏர் இந்தியாவுக்கு 491 கோடி ரூபாய் இழப்பு என்று நாடாளுமன்றத்தில் அரசே கூறியது. டெல்லி-இஸ்தான்புல் இண்டிகோ விமானம் தோஹாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்தது. மூடிய நாடும் தப்பவில்லை. 2025 ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரை தங்களுக்கு 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் வருவாய் குறைந்தது என்று அந்நாட்டு அரசும் ஒப்புக்கொண்டது.

இந்தக் கணக்குகளில் வராதவர்கள் வேறு சிலர். பிரிவினையில் அண்ணன் அங்கும் தங்கை இங்குமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் அவர்கள். பாகிஸ்தானியருக்கு வழங்கிய மருத்துவ விசாக்கள்கூட 2025 ஏப்ரல் 29 வரைதான் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. நோயாளிக்கும் ஜனாஸாவுக்கு விரையும் உறவினருக்கும் தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல, நேரம்.

இது வடக்கின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹாவை நோக்கி வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. நம் பிள்ளைகள் பிழைப்புக்குப் போய்வரும் வழி அது.

குற்றவாளிகளைத் தண்டிக்கட்டும், எல்லையைக் காக்கட்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பயணிகள் விமானத்தின் பாதையும் நோயாளியின் விசாவும் இரு அரசுகளின் பகைக்குப் பணயமாகக் கூடாது. குறைந்தபட்சம் மருத்துவத்துக்கும் குடும்ப மரணத்துக்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்று இரு அரசுகளிடமும் நாம் கேட்க வேண்டும்.