லோ கொலிஜ் போறதெண்டால்

ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்து ஒரு கிழமை போகாது, ஒவ்வொரு கலைப்பிரிவு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார்கள்: "கம்பஸ் கிடைக்காட்டி லோ என்ட்ரன்ஸ் எடுப்பம்." வீட்டிலும் உடனே ஓம் என்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு எங்கட பக்கம் இன்னும் மவுசு குறையவில்லை. செல்வநாயகம், ஜீ.ஜீ. பொன்னம்பலம் என்று எங்கள் தலைவர்கள் பலர் சட்டத்தரணிகளாக இருந்தவர்கள். அதனால் சட்டம் என்றாலே மேடையும் மாலையும் என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது.

எனக்கு இந்த "கிடைக்காட்டி" என்ற சொல்லோடுதான் பிரச்சினை. 1874 இல் தொடங்கிய சட்டக் கல்லூரி, வெட்டுப்புள்ளியில் தவறியவர்களை ஏற்றிச்செல்லும் அடுத்த பஸ் இல்லை. பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. முடித்தவர்களும் சட்டத்தரணியாக வேண்டுமென்றால் கடைசியில் புதுக்கடைக்கு வந்து அந்தக் கல்லூரியின் பரீட்சைகளுக்குத் தோற்றித்தான் ஆக வேண்டும். வேறு ஒன்றும் சரிவராததால் அங்கே போகிறவர், பிறகு ஒருவருடைய பிணை மனுவையும் வேறு ஒன்றும் சரிவராததால்தான் கையில் எடுப்பார்.

சரி, பரீட்சைக்கு வருவோம். இரண்டு தாள்கள். ஒன்று மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். எங்கட ஆக்கள் செய்கிற முதல் வேலை, தடித்த பொது அறிவுக் கையேடு ஒன்றை வாங்கி நாணயம், தலைநகரம், விருது என்று கரைத்துக் குடிப்பது. மொழித்தாளை "எங்கட தமிழ்தானே" என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டில் சட்டத்தோடு உண்மையான உறவுள்ளது மொழித்தாள்தான். நீளமான பந்தி ஒன்றை வாசித்து, அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, என்ன சொல்லப்படவில்லை என்று பிரித்தெடுப்பதுதான் பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகிற வேலை. நாளுக்கு ஒரு பத்திரிகைத் தலையங்கத்தை எடுத்து மூன்றிலொன்றாகச் சுருக்கி எழுதிப் பாருங்கள். முதல் கிழமை கை வலிக்கும், கோபமும் வரும். அதோடு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை, அடிப்படை உரிமைகள் உள்ள அந்தச் சில பக்கங்களை, தமிழில் ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். அதை வாசிக்கும்போது கொட்டாவி மட்டும்தான் வருகிறது என்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் சிக்கலான விசயம் மொழி. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றை நிராகரித்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்து வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். அந்த முடிவு நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் "அப்ப தமிழிலேயே முடிச்சிடலாம்" என்று அதற்கு அர்த்தம் எடுத்தால் ஆபத்து. நியூ லோ ரிப்போர்ட்ஸ் போன்ற தீர்ப்புத் தொகுதிகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வாதம். சிங்களத்தை விட்டுவிடலாமோ என்றால் அதுவும் முடியாது. எங்கள் நாட்டுச் சட்டம் ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு வாசகம் இருக்கும். நீங்கள் தமிழில் ஒரு பிரிவைப் பாடமாக்கிக்கொண்டு போக, அதன் கடைசிச் சொல் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது.

இது பரீட்சைக்கு மட்டுமான கவலை இல்லை. நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். 1993 இல் கிழக்கில் கைதானவர். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரிடம் எடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது, மொழிபெயர்த்தது ஒரு பொலிஸ்காரர். தன்னால் வாசிக்க முடியாத அந்தக் கடதாசியில் பலாத்காரமாகப் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்தார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. 1995 இல் 50 வருடத் தண்டனை, பிறகு மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. அதைக் கொண்டு வந்து தீர்ப்பை மீளாய்வு செய்யக் கேட்டபோது, 2006 இல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டு மொழியும் தெரிந்த, பயமில்லாத ஒருவர் முதல் நாளே அந்த அறைக்குள் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

எல்லா வழக்கும் இப்படி வராது. பெரும்பாலானவை காணி, தாபரிப்பு, காசோலை, வேலிச்சண்டை. ஆனால் அங்கேயும் சும்மா விளையாட்டு இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண், திருமணமான பிறகு தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? சீதனமாக வந்த தன் காணியைப் பிள்ளையின் படிப்புக்காக விற்க, அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். போருக்குப் பிறகு வடக்கில் இது ஏட்டுச் சட்டம் இல்லை, பக்கத்து வீட்டுக் கதை. அவரிடம் தமிழில் பொறுமையாக விளங்கப்படுத்துகிற, தவணைக்குத் தவணை காசு கறக்காத ஒரு சட்டத்தரணி அவருக்கு எவ்வளவு பெரிய விசயம்!

இனிக் காசு. வகுப்பு நடத்துகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். கல்லூரியில் மூன்று வருடம், பிறகு ஒரு சீனியரிடம் பயிற்சி, அதன்பிறகு ஜூனியராகப் பைல் தூக்குகிற காலம். அந்தக் காலத்தில் கையில் வருவது பலருக்கு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். கொழும்பில் போர்டிங் வாடகை ஒரு பக்கம். அப்பா சட்டத்தரணியாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அறையும் மேசையும் கட்சிக்காரரும் தயார். மலையகத்திலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வருகிற பிள்ளை எல்லாவற்றையும் பூச்சியத்தில் தொடங்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் "தனிய கொழும்பில விடுறதோ" என்ற கேள்வி வேறு, அண்ணாவுக்கு ஒருநாளும் வராத கேள்வி. ஆகவே ஐந்தாறு வருடத்துக்கு வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியாது என்பதை இப்போதே அப்பா அம்மாவோடு இருந்து கதையுங்கள். முடியாது என்றால், வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. படிக்கிற வழி இருக்கிறது. மெதுவான வழி, ஆனால் மானமான வழி.

இவ்வளவும் சொன்னாலும் போகாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. எங்களுக்குச் சட்டத்தரணிகள் வேண்டும், முக்கியமாக மூன்று மொழியிலும் நிற்கக்கூடியவர்கள் வேண்டும். டியூசனுக்குக் காசு கட்ட முதல் ஒரு கிழமைநாள் காலை உங்கள் ஊர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் போகலாம். போனை நிறுத்திவிட்டுப் பின்வாங்கில் இருங்கள். வழக்கு இலக்கம் கூப்பிடுவதையும், விடிய வெளிக்கிட்டு வந்த ஒரு கிழவரின் வழக்கு இரண்டு நிமிடத்தில் தவணை போடப்படுவதையும், அவர் வெளியே வந்து "என்ன மோனை சொன்னவை?" என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்பதையும் பாருங்கள். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.