தம்பிக்கு ஒரு சுவர்

தம்பி மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் ஒட்டுக் குசினி. காம்பராவில் அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். இஸ்தோப்பைப் பலகையால் அடைத்துத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறோம். நுவரெலியாக் குளிர் பலகை இடுக்கில் வீசுகிற இடத்தில் பச்சைப் பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது?

பின்பக்கம் ஓர் அறை இறக்கத் தோட்டத்து ஆபீஸில் கடிதம் கொடுத்தோம். மூன்று மாதமாக ‘பார்க்கலாம்’தான். பொறுக்க முடியாமல் அத்திவாரம் வெட்டினோம். காவல்காரர் வந்து நிறுத்திவிட்டார். கடன் வாங்கி இறக்கிய மணல் மழையில் கரைந்து கானோடு போய்விட்டது.

நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிறோம், கையில் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாமல் வங்கியில் கடன் கேட்க முடியாது. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் லயங்கள் தேயிலையோடு சேர்ந்தே கைமாறின. உள்ளே குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்?

கூரையைத் தொடவும் வழியில்லை. லயம் முழுக்க ஒரே தகரக் கூரை. எங்கள் பக்கம் வெட்டி உயர்த்தினால் பக்கத்துக் காம்பராவில் ஒழுகும் என்று மேசன் பாஸ் கையை விரித்துவிட்டார். இடைச்சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் அக்கா இருமினால் இந்தப் பக்கம் என் மகள் விழித்துக்கொள்கிறாள்.

பழைய கட்டடத்தைப் பேணத் தெரியாத ஊரல்ல இது. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையையே அழகான ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். துரைமார் பங்களாக்களில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். அதே வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு சுவர் எழுப்பத்தான் இத்தனை தடை.

2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் நானும் நின்றேன். முன்பு சொன்ன 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்று இந்தியப் பிரதமர் அறிவித்தபோது கை வலிக்கத் தட்டினேன். சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பின, போய்ப் பார்த்து வந்தேன். எங்கள் டிவிசனுக்கு வரவில்லை. அன்று சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பி இன்று தகப்பனாகப் போகிறான்.

அம்மா இப்போதே பாயைக் குசினிக்கு மாற்றிவிட்டார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த உடம்பு. அடுப்புச் சூடு இருக்கிறதே, அது போதும் என்கிறார். இரவு இரண்டு மணிக்கு அந்த அடுப்பு ஆறிவிடும்.