கடலுக்கும் உண்டு கார்காலம்

பயிர் செழிக்க வெயில் வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். மலையாளக் கரைக் கடலிலோ இந்த நியாயம் தலைகீழாக இருக்கிறது! பங்குனி சித்திரையில் சூரியன் குறைவின்றிக் காய்கிறான். கடலில் விளைச்சல் சொற்பம். ஆனி ஆடியில் வானம் மூடிக்கொண்ட பிறகே அந்தக் கடலின் பயிர் கொழிக்கிறது.

பயிர் என்று இங்கே நாம் சொல்லுவது, அலையோடு மிதந்து திரியும், கண்ணுக்குப் புலனாகாத தாவரங்களை. அவற்றுள் தலைமை பெற்றது டயாட்டம் என்னும் இனம். அது சிலிகாச் சத்தைக் கொண்டு, கண்ணாடிப் பேழை போன்ற ஓடு ஒன்றைத் தனக்குக் கட்டிக்கொள்கிறது.

வேனிலில் மேல்நீர் சூடேறி இலேசாகி, அடியிலுள்ள குளிர்ந்த நீரின்மேல் எண்ணெய்போல் படர்ந்துவிடுகிறது. வெளிச்சம் மேலே, நைட்ரேட், பாஸ்பேட் முதலிய உரங்கள் கீழே. இரண்டும் சேராமல் பயிர் ஏது? இந்தப் பூட்டைத் திறப்பது பருவக்காற்று. பெயர்தான் தென்மேற்கு, கரையோரத்தில் அது வடமேற்கிலிருந்து கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றுக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு அப்பால், விலகுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்நீர் உரத்தோடு எழும்புகிறது. ஆற்று வெள்ளமும் உரம் கொணர்வதுண்டு; ஆயினும் பெரிய கொடையாளி ஆழமே. கொடையில் ஒரு குறையும் உண்டு: எழும்பும் நீரில் பிராணவாயு குறைவு. மிகுந்து வந்தால் மீன்களுக்கு மூச்சு முட்டும்.

இந்தப் பயிரை மேய்ந்து கொழுப்பது மத்தி. கொச்சிப் பக்கத்தில் அதற்குக் 'குடும்பம் புலர்த்தி' என்று ஒரு பெயர் வழங்கியதுண்டு. ஏழை வீட்டு அடுப்பை அறிந்தவர் யாரோ வைத்த பெயர்! சென்னை மாகாண மீன் இலாகாவின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு என்பவரோடு சேர்ந்து 1920-களிலேயே மத்தியின் வாழ்க்கையையும் அதன் உணவையும் ஆராய்ந்து எழுதினார். ஃபிராகிலேரியா ஓஷியானிகா என்னும் டயாட்டம் பெருகினால் மத்தியும் பெருகும் என்று 1955-ல் சுப்பிரமணியனும் நாயரும் எடுத்துக் காட்டினார்கள்.

அப்படியானால் டயாட்டத்தை எண்ணினால் மீனையும் எண்ணிவிடலாமா? கடல் அவ்வளவு எளிதில் கணக்குக் கொடுப்பதில்லை. 1940-களில் மத்தி அருகிப்போனபோது, 'மத்திகொல்லி' என்னும் வலையைச் சென்னை சர்க்கார் 1943-ல் தடுத்தது. வலையின் பெயரே வழக்கைச் சொல்லிவிடுகிறது. 2012-ல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கரை சேர்ந்தது. 2021-ல் 3,297 டன்! கடல் வெப்பமும், குஞ்சுகளையும் விடாத வலையும் சேர்ந்து செய்த வேலை இது என்பது நம் அபிப்பிராயம். ஒன்றின்மேல் மாத்திரம் பழி போடுவது சரியல்ல.

2024-ல் மழையும் கீழ்நீரின் எழுச்சியும் நன்கு வாய்த்தன. மத்திக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. ஆனால் வாய்கள் மிகுந்துவிட்டபடியால், பகிர்ந்த உணவு போதவில்லை. மீன்கள் சுமார் 10 சென்டிமீட்டரோடு வளர்ச்சி குன்றி நின்றன. கேரளத்தில் மத்தி பிடிக்கச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச நீளமும் அதே 10 சென்டிமீட்டர்தான். வலை நிறைந்தது, சந்தையில் விலை விழுந்தது.