அந்நியமாதல் இறக்குமதிச் சரக்கா?

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையில் அந்நியமாதல் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் இரு குரல்கள் எழுவது வழக்கம். அது மேனாட்டு நகரங்களின் நோய், பனையும் தோட்டமும் சூழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு வெறும் இறக்குமதிச் சரக்கு என்பர் ஒரு சாரார். மனிதன் என்றும் தனியன், அது அவனது மாறா விதி என்பர் மறுசாரார். முன்னவர் நோயையே மறுக்கின்றனர். பின்னவர் நோய்க்குக் காரணமில்லை என்கின்றனர். வாழ்நிலையை நோக்காது தீர்ப்புக் கூறுவதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

சீனப் புனைகதை இங்கு தக்கதோர் ஒப்பீடாகும். அதுவும் உழவர் மிகுந்த நாடே. எனினும் லாவோ ஷெ 1936-37 இல் எழுதிய 'ஒட்டகம் சியாங்சி' நாவல் பெருநகரத் தனிமையையே பேசுகிறது. கிராமத்திலிருந்து பீக்கிங் வரும் சியாங்சி, சொந்தமாக ஒரு றிக்‌ஷா வேண்டுமென்றே உழைக்கிறான். வாங்கிய வண்டியைப் படையினர் பறிக்கின்றனர். மீண்டும் சேர்த்த பணத்தை ஒற்றனொருவன் பறிக்கிறான். ஈற்றில் உழைப்பிலும் தன்மானத்திலும் அவன் பற்றிழக்கிறான். இத்தனிமை தத்துவ நூலிலிருந்து பெறப்பட்டதன்று. பறிக்கப்பட்ட உழைப்பிலிருந்து பிறந்தது. 1945 இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இத்துன்ப முடிவை இன்ப முடிவாக மாற்றியது. நம் விமர்சகர் சிலர் மொழிபெயர்க்காமலே அதனைச் செய்கின்றனர்.

யாழ்ப்பாணத்தின் தனித்தன்மை யாதெனில், அதன் பெருநகரம் குடாநாட்டுக்கு வெளியே, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் இருந்தமையாகும். ஆங்கிலக் கல்வி பெற்றோரை அரசாங்க உத்தியோகம் கொழும்புக்கு ஈர்த்தது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி அவர்களை ஊருக்கும் கந்தோருக்குமிடையே சுமந்தது. குடும்பம் மணியோடரில் வாழ்ந்தது. உழைப்பவனோ நகரில் அறைவாசி, ஊரில் விருந்தாளி. எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' (1966) இவ்வாழ்வையே பொருளாகக் கொண்டது. கொழும்பிலிருந்து விடுமுறையில் வரும் எழுதுவினைஞர் செந்தில்நாதன், உறவினர் நிறைந்த சொந்த வீட்டில் மனைவியோடு தனித்திருக்கும் பொழுதுக்காக ஏங்குகிறார். இதனைப் பாலுணர்வுக் கதையென்று மட்டும் கண்டோர், அவ்வேட்கையை அந்நிலைக்கு உள்ளாக்கிய உத்தியோக வாழ்வைக் காணத் தவறினர்.

கொழும்பும் அவனுக்குச் சொந்தமாகவில்லை. 1958 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் அதனைக் குருதியால் உணர்த்தின. 1990 இல் தடைப்பட்ட யாழ்தேவி 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதற்கிடையில் பல குடும்பங்களின் நகரம் பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என மாறிவிட்டது. மணியோடரின் இடத்தை உண்டியல் பிடித்தது. பிரிவின் தூரம் பெருகியதேயன்றி அதன் இயல்பு மாறவில்லை.

ஆகவே அந்நியமாதல் நமக்குப் புறம்பானது என்போர், மூன்று தலைமுறைகளாக நம் வீடுகளுக்குப் பணம் அனுப்பியவர்களின் வாழ்வையே இலக்கியத்துக்குப் புறம்பாக்குகின்றனர். அதனை விதியென்போர், அப்பிரிவை உண்டாக்கிய பொருளாதாரத்தையும் இன ஒடுக்குமுறையையும் குற்றத்தினின்று விடுவிக்கின்றனர். இவ்விரு வசதிகளையும் கைவிட்ட விமர்சனமே ஈழத்துப் புனைகதைக்கு இன்று வேண்டப்படுவது.