விளையாட்டுப் பக்கம்: கடவுச்சீட்டு இல்லாதவர் அடித்த கோல்

சனிக்கிழமைகளில் பிள்ளைகளை உதைபந்தாட்டத் திடலுக்குக் கூட்டிச் செல்லும் பெற்றோருக்கு ‘சுட்டே’ என்ற சொல் காதில் பட்டிருக்கும். டொச் பேசும் மாநிலங்களில் பந்தடிப்பதை அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலேயரின் ‘ஷூட்’ திரிந்து வந்த சொல் அது. சூரிச்சின் கிராஸ்ஹொப்பர் கழகத்தை 1886 இல் தொடக்கியவரும் ஆங்கிலேய மாணவர் ஒருவரே. ஆயினும் நாம் இம்முறை எழுத எடுத்துக்கொண்டவர் ஆங்கிலேயரல்லர். சுவிற்சர்லாந்துக்காக விளையாடிய, சுவிஸ் கடவுச்சீட்டு இல்லாத ஒருவர்.

ஜெனியா வலாஷெக் 1916 இல் மொஸ்கோவில் பிறந்தவர். அடுத்த ஆண்டு அங்கே புரட்சி வெடித்தது. சிறுபிள்ளையாக ஜெனீவாவுக்கு வந்து, அங்கேயே வளர்ந்து, சேர்வெற் கழகத்தில் ஆடினார். எந்த நாடும் அவரைத் தன் பிரஜை என்று சொல்லவில்லை. இப்படி ரஷ்யாவிலிருந்து வந்து நாடிழந்தோருக்கு 1922 முதல் நான்சன் கடவுச்சீட்டு என்றொரு பத்திரம் கொடுக்கப்பட்டது. அதை வைத்துப் பயணம் போகலாம், பிரஜாவுரிமை கிடையாது. என், எஃப் அட்டைகளைப் பார்த்த எமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1948 இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எமது மலையக உறவுகள் இலட்சக்கணக்கில் நாடற்றோரானதையும் நாம் மறக்கவில்லை.

அந்த நாடற்றவரை 1937 இல் சுவிஸ் தேசிய அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

1938 உலகக் கிண்ணப் போட்டி பிரான்சில் நடந்தது. அந்த மார்ச்சில்தான் ஹிட்லர் ஒஸ்ரியாவை விழுங்கியிருந்தார். ஆகவே யேர்மன் அணிக்குள் வியன்னாவின் சிறந்த ஆட்டக்காரர்களும் நின்றார்கள். சுவிஸ் அணியின் பயிற்சியாளர் கார்ல் ரப்பானும் வியன்னாக்காரரே! பின்காவலில் ஆட்களைக் குவித்து எதிரணியைப் பூட்டிவைப்பது அவருடைய முறை. சிறிய அணி பெரிய அணியைத் தாக்குப்பிடிக்க அதைவிட நல்ல வழி அன்று இருக்கவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

யூன் 4 ஆம் திகதி பாரிசில் ஆட்டம் 1-1 என முடிந்தது. பெனால்ரி அடித்து முடிவு காணும் வழக்கம் அப்போது இல்லை. 9 ஆம் திகதி அதே நகரில் மீண்டும் ஆடினார்கள். யேர்மனி இரண்டு கோல்கள் போட்டுவிட்டது. அதில் ஒன்று சுவிஸ்காரர் தம் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது. போதாக்குறைக்கு ஏபி என்பவர் காயப்பட்டு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாத காலம். பத்துப் பேருடன் ஓடினார்கள். பின்னர் ஏபி தலையில் கட்டுடன் திரும்பி வந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன் வலாஷெக் ஒரு கோல் அடித்தார். அடுத்த பாதியில் பிக்கல் ஒன்று, ட்ரெல்லோ அபெக்லென் இரண்டு. 4-2! நாடெங்கும் மக்கள் கொண்டாடினார்கள். பெரிய அயலவனைக் கண்டு அஞ்சியிருந்த சிறிய நாடல்லவா? பேரும் புகழும் அபெக்லெனுக்கே போயின. அதில் தவறில்லை. ஆனால் 0-2 என்று துவண்டிருந்த நேரத்தில் விழுந்த அந்த முதற் கோல்தான் எமக்குப் பெரிதாகப் படுகிறது. அதை அடித்தவரிடம் சுவிஸ் பிரஜாவுரிமை இல்லை.

மூன்று நாட்களின் பின் லில் நகரில் ஹங்கேரியிடம் 0-2 எனத் தோற்று சுவிஸ் அணி ஊர் திரும்பியது. வலாஷெக் 1945 வரை தேசிய அணிக்காக 26 ஆட்டங்கள் ஆடினார். 2007 இல், தமது 90 ஆவது வயதில் காலமானார்.