அம்மா லீவு போட்டா நாடு கெட்டுப் போயிடுமா?

இன்டர்னல் டெஸ்ட் எல்லாம் எப்படிப் போச்சு? என்னோடதைக் கேக்காதீங்க... அதுக்குத் தனியா ஒரு வாரம் உக்காந்து அழணும். இந்த வாரம் வேற பஞ்சாயத்து.

போன வாரம் எங்க காலேஜ் கேன்டீன். எதிர்ல நம்ம சிவகாசி மாப்ள. அவங்க அப்பா சின்னதா ஒரு பட்டாசு ஆபீஸ் வச்சிருக்கார். (வெளியூர் மக்களே, எங்க பக்கம் ஃபேக்டரியை ‘ஆபீஸ்’னுதான் சொல்லுவோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ஏசி, சுழல் நாற்காலி எல்லாம் எதிர்பார்த்து வந்துடாதீங்க!) பஜ்ஜியைப் பிச்சுக்கிட்டே பொரிஞ்சு தள்ளினான்.

“ஆர்டர் குவிஞ்சு கெடக்குடா. ஆள் வரல. வேன் அனுப்பினா பாதி சீட்டு காலி. ரேஷன்ல அரிசி, நூறு நாள் வேலை, பொம்பளைங்களுக்கு மாசம் ஆயிரம்... எல்லாத்தையும் ஓசியில குடுத்துக் குடுத்து கெடுத்துட்டாய்ங்க.”

டேபிள்ல இருந்த ஆறு பேரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

இதுல ஒரு ரகசியம் இருக்கு பாஸ். அவன் சொன்ன அந்தக் காலி சீட்டுல ஒண்ணு எங்க அம்மாவோடது. அவன் அப்பா ஆபீஸ் இல்ல, வேற ஒண்ணு. எங்க ஊரு சாத்தூர் - வெம்பக்கோட்டை பக்கம். பதினெட்டு வருஷமா வாரத்துக்கு ஆறு நாள் வேன் ஏறின எங்க அம்மா, இப்போ நாலு நாள்தான் போறாங்க. எனக்கு லேப்டாப் வாங்கணும். அதனால நான் ஆட்டின தலையில கொஞ்சம் கோபமும் இருந்துச்சு.

இந்தப் பேச்சு கேன்டீனோட முடியறதும் இல்ல. இலவசங்களால ஜனங்க சோம்பேறி ஆகிட்டாங்க, வேலைக்கு வடமாநிலத்துல இருந்து ஆள் கூட்டிட்டு வர வேண்டியிருக்குன்னு 2018 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றமே வருத்தப்பட்டுச்சு. 2025 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு விசாரணையின்போது நீதிபதி பி.ஆர்.கவாய் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். அதே மாசம் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன், நலத்திட்டங்களால தொழிலாளிங்க ஊரை விட்டு வேலைக்கு வர மாட்டேங்கறாங்கன்னார். அதுக்கு முந்தின மாசம் ‘வாரம் 90 மணி நேரம் வேலை’ன்னு பேசி மீம்ஸ்ல சிக்கினவரும் அவரேதான்!

பெரிய பெரிய ஆளுங்க சொல்றாங்க. சரி, நாமதான் இன்ஜினீயரிங் படிக்கறோமே, முதல்ல கணக்குப் போட்டுப் பாக்கலாம்னு நோட்டை எடுத்தேன்.

அம்மாவுக்குப் பீஸ் ரேட்டு. செஞ்ச அளவுக்குத்தான் கூலி. சராசரியா ஒரு நாளைக்கு 400 ரூபாய்னு வச்சுக்குங்க. 2023 செப்டம்பர் 15-ல தொடங்கின கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய். அதாவது ரெண்டரை நாள் கூலி. மாசத்துல ரெண்டரை நாள் சோம்பேறியா இருக்கலாம். அவ்வளவுதான் இதுல கெடைக்கற சொகுசு!

நூறு நாள் வேலை? 2005-ல சட்டமாகி, 2008-ல நாடு முழுக்க கிராமங்களுக்கு வந்த திட்டம். 2025-26-க்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசா கெடைச்சு, முழுக் கூலியும் வந்தா வருஷத்துக்கு 33,600. மாசத்துக்குப் பிரிச்சா 2,800. அதுவும் ஆளுக்கு இல்ல, குடும்பத்துக்கு. 2011 ஜூன்ல இருந்து வந்த விலையில்லா அரிசியையும் சேர்த்துக்குங்க. இதை வச்சுக்கிட்டு கால் மேல கால் போட்டு வாழ்ற ஒரு குடும்பத்தைக் காட்டுங்க, அவங்க கால்ல விழுந்து அந்த டெக்னிக்கைக் கத்துக்கறேன்.

எங்க வீட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. அம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் குறைச்சதுல மாசம் போற கூலி 3,200. வர்றது ஆயிரம். மிச்சம் 2,200 ரூபாய் நஷ்டத்தை அவங்களே ஏத்துக்கிட்டு வீட்டுல இருக்காங்க. ஓசியில ஓய்வு எடுக்கல... காசு குடுத்துதான் ஓய்வு வாங்கறாங்க. ஏன்?

சனிக்கிழமை ஊருக்குப் போனப்போ நேராவே கேட்டேன். “ஏம்மா, முந்தி மாதிரி ஆறு நாள் போகக் கூடாதா?”

அம்மா கோபப்படல. “எய்யா, அக்கா கல்யாணத்துக்கு ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்ல, அது தீந்துருச்சு. இப்ப போகாட்டி யாரும் வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டாக.”

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ஒண்ணு சொன்னாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, தீபாவளி நெருக்கத்துல, அவங்க இருந்த அறையில கூடுதலா ஆளுங்களை உக்கார வச்சிருக்காங்க. மருந்தும் வழக்கத்தை விட அதிகம். அம்மாவுக்குப் பயம். ஆனா அட்வான்ஸ் பாக்கி இருக்கு, எந்திரிச்சுப் போக முடியல. “அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் சாமியக் கும்பிட்டுக்கிட்டே திரி ஏத்துனேன். இப்ப அப்படின்னா, போங்கய்யா, நாளைக்கு வாரேன்னு வந்துருவேன்ல.”

எனக்கு சாப்பாடு இறங்கல.

பட்டாசு வேலையில ஒரு அறைக்கு நாலு பேர்தான் இருக்கணும்னு விதி இருக்கு. மருந்து கலக்கறதை வெயில் ஏறும் முன்னாடி முடிக்கணும்னு எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில அச்சங்குளம், 2024 மே-ல செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில சின்னக்காமன்பட்டி. இந்தப் பேரெல்லாம் உங்களுக்கு டி.வி.யில ஓடின செய்தி. எங்களுக்கு பஸ் ஸ்டாப். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதிக ஆள், அதிக மருந்து, உள்குத்தகை, அவசரம்னு அதே காரணங்கள்தான் திரும்பத் திரும்ப பேசப்படுது. உராய்வு பட்டாலே போதும்ங்கற இடத்துல, பீஸ் ரேட்டுல, களைச்ச கையோட பத்தாவது மணி நேரம் வேலை பாக்கறது எவ்வளவு ஆபத்துன்னு சொல்ல இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதே இல்ல.

அப்போ அம்மாவுக்கு அந்த ஆயிரமும் ரேஷன் அரிசியும் என்ன பண்ணுது? சும்மா இருக்க வைக்கல. “இன்னைக்கு இந்த ரூம்ல உக்கார மாட்டேன்”னு சொல்ல வைக்குது. நாளைக்கு அடுப்பு எரியும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இன்னைக்கு ‘முடியாது’ன்னு வாய் வரும்.

வேலை நேரமும் சும்மா குறைஞ்சது இல்ல மக்கா. இந்தியாவுல முதல் மே தினத்தை 1923-ல நம்ம சென்னையில கொண்டாடினவர் சிங்காரவேலர். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம்னு வரம்பு போட்டுச்சு. அந்த முதல் மே தினத்துக்கு நூறு வருஷம் ஆன 2023 ஏப்ரல்ல, 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதா நம்ம சட்டமன்றத்துலயே நிறைவேறிச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்தி வச்சு, மே 1 அன்னைக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. எட்டு மணி நேரம் கேட்டவங்களையும் அந்தக் காலத்துல சோம்பேறின்னுதான் திட்டியிருப்பாங்க.

சரி, மாப்ள பக்க நியாயம்? இருக்கு. அவங்க அப்பாவும் வட்டிக்கு வாங்கித்தான் ஆபீஸ் நடத்தறார். 2018-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சரவெடிக்கும் பேரியம் நைட்ரேட்டுக்கும் தடை வந்து, ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்தப்போ அவங்களும்தான் நொந்தாங்க. (அந்த நாட்கள்ல எங்க தெருவுல சோறு பொங்கினது ரேஷன் அரிசியில. அது இல்லாட்டி, திரும்ப ஆபீஸ் திறக்கறப்போ வேலை தெரிஞ்ச ஆள் பாதிப் பேரு திருப்பூருக்குப் போயிருப்பாங்க.) நூறு நாள் வேலையில சில இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வேப்பமர நிழல்ல கதை பேசறதும் உண்மை. எங்க சித்தி அதுல எக்ஸ்பர்ட்! அதைத் திருத்தணும், கண்மாயை ஒழுங்கா தூர் வார வைக்கணும். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? 2025 டிசம்பர்ல நூறு நாள் சட்டத்துக்குப் பதிலா நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டு வந்துச்சு. நாள் 125. அதோட, விவசாய வேலை உச்சத்துல இருக்கற காலத்துல மொத்தம் 60 நாள் நிறுத்தி வைக்கவும் ஏற்பாடு. அதாவது, கூலிக்கு அதிக கிராக்கி இருக்கற சமயத்துலதான் வேற வழி இருக்கக் கூடாது! ‘ஆள் வரல’ன்னா நாம படிச்ச எகனாமிக்ஸ்படி கூலியை ஏத்தணும். வெங்காயம் வரத்து குறைஞ்சா விலை ஏறுதுல்ல? கூலிக்கு மட்டும் அந்த விதி ஏன் கசக்குது?

வெளிநாட்டுலயும் இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. பின்லாந்துல 2017, 2018 ரெண்டு வருஷம், வேலை இல்லாத 2,000 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாம மாசம் 560 யூரோ குடுத்தாங்க. வேலை கெடைச்சாலும் பணம் நிக்காது. எல்லாரும் போர்வையைப் போர்த்திக்கிட்டாங்களா? இல்ல. மத்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதலாவே வேலைக்குப் போனாங்க, மனசுல கவலையும் குறைஞ்சிருந்துச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு... விருதுநகர்ல பொறந்த காமராஜர் பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட்டப்போ, வயிறு நிறைஞ்ச பிள்ளைங்க தூங்கிப் போகல. ஸ்கூலுக்கு வந்தாங்க. அதுல ஒருத்தர் எங்க தாத்தா.

கடைசியா என் கதைக்கு வர்றேன். எனக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. அரசுப் பள்ளியில படிச்சதால, 2024 ஆகஸ்ட்ல தொடங்கின தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் என் கணக்குலயும் விழுந்துச்சு. அதை வாங்கின அன்னைக்கு என்னை யாரும் சோம்பேறின்னு சொல்லல. ‘ஊக்கத்தொகை’ன்னாங்க. அதே ஆயிரம் அம்மா கைக்குப் போனா மட்டும் நாடு கெட்டுப் போகுதாம். அப்படி நினைச்சவன்ல நானும் ஒருத்தன். என் லேப்டாப்புக்காக, பதினெட்டு வருஷம் மருந்து வாசத்துல இருந்த ஒருத்தவங்க இன்னும் ரெண்டு நாள் போகணும்னு கணக்குப் போட்டவன்.

திங்கக்கிழமை மாப்ளகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தக் காலி சீட்டு யாரோடதுன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தான். “எங்க ஆபீஸ்ல ரூமுக்கு எத்தனை பேர்னு அப்பாகிட்ட கேக்கறேன்டா”ன்னான். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

“வேணும்னா ரெண்டு மாசம் ஆறு நாள் போறேன்யா”ன்னு அம்மா போன்ல சொல்லிட்டே இருக்காங்க. வேணாம்னுட்டேன். லேப்ல சிஸ்டம் இருக்கு, சாயங்காலம் ஆறு வரைக்கும் திறந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு நானே சேர்த்துக்கறேன்.

உங்க வீட்டுல ஆறு நாள் ஓடறது யாரு ஃப்ரெண்ட்ஸ்? ஒரு நாள் லீவு போட்டா என்ன பண்ணுவாங்கன்னு இன்னைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. பதிலை நமக்கு எழுதிப் போடுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!