மலிவு என்பது எந்தக் கணக்கில்?

"டேட்டா சென்டருக்குள் நூறு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம், மல்டிமோட் ஃபைபர் போதும், சிங்கிள்மோட் வீண் செலவு" என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

இந்த வாதம் இன்றைய வேகத்தை மட்டுமே பார்க்கிறது. ஓஎம்3 தர மல்டிமோட் கேபிளில் 10 ஜிகாபிட் இணைப்பு 300 மீட்டர் வரை எட்டும். அதே கேபிளில் 100 ஜிகாபிட் எஸ்ஆர்4 இணைப்பு 70 மீட்டரோடு நின்றுவிடும். ஓஎம்4 போட்டாலும் 100 மீட்டர்தான். மல்டிமோடின் 50 மைக்ரான் உள்ளகத்தில் ஒளி பல பாதைகளில் பயணித்து முன்பின்னாக வந்து சேர்வதால், வேகம் ஏற ஏறத் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சிங்கிள்மோடின் சுமார் 9 மைக்ரான் உள்ளகத்தில் ஒளிக்கு ஒரே பாதைதான்.

மல்டிமோட் டிரான்ஸ்சீவர் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் டிரான்ஸ்சீவரைச் சில நிமிடங்களில் கழற்றி மாற்றிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கு மேலே, டிரேயில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கேபிளை உருவியெடுப்பது அப்படியா?

சிங்கிள்மோட் தூசு தாங்காது என்பதும் சரியே. அதற்காகக் கேபிளை ஒதுக்க வேண்டாம். செருகும் முன் ஒவ்வொரு முனையையும் ஸ்கோப்பில் பார்த்துத் துடைக்கும் பழக்கம் வேண்டும். அது மல்டிமோடுக்கும் தேவைதான்.

ஒரே ரேக்குக்குள் இரண்டு மூன்று மீட்டருக்குத் தாமிர டிஏசி கேபிள் போதும். ஏற்கெனவே நன்றாக ஓடும் ஓஎம்4-ஐப் பிடுங்கவும் சொல்லவில்லை. புதிதாகக் கட்டும் முதுகெலும்பு இணைப்புக்கு மட்டும் ஓஎஸ்2 சிங்கிள்மோடே போடுங்கள். அடுத்த வேகம் வரும்போது முனைகளை மாற்றினால் போதும்.